நானும் முகாமில் வளர்ந்தவள்தான் என்று உளவளத்துணைக்கு வரும் மாணவர்களிடம் சொல்லலாமா?

பாலைநிழல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நீளமாகத்தான் எழுதப் போகிறேன். சுருக்கிக் கேட்டால் "சொல்லு" அல்லது "சொல்லாதே" என்று ஒரு வரியில் பதில் வரும், எனக்கு அது காணாது. பிள்ளைகளை யாரும் அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நான் ஒட்டுசுட்டான் பக்கம். உளவியலில் பட்டம் முடித்துவிட்டு இப்போது மருத்துவ உளவியலில் முதுதத்துவமாணி படிக்கிறேன். முதல் சில மாதங்கள் ஆஸ்பத்திரியில் உளநல வாட்டில் பயிற்சி. அங்கே எல்லாவற்றுக்கும் ஒரு ஒழுங்கு இருந்தது. வரலாறு எடுக்க வேண்டும், மனநிலைப் பரிசோதனை எழுத வேண்டும், வைத்தியரோடு வாட் சுற்ற வேண்டும், பிறகு மேற்பார்வையாளரிடம் போய் ஒவ்வொருவரைப் பற்றியும் கதைக்க வேண்டும். இப்போது வன்னியிலேயே ஒரு வளாகத்தில் மாணவர் உளவளத்துணைப் பிரிவில் வாரத்துக்கு மூன்று நாள் விட்டிருக்கிறார்கள். சொந்த மண்ணில் வேலை என்று சந்தோஷமாகத்தான் வந்தேன்.

2009இல் எனக்கு 9 வயது. எங்கிருந்து எங்கே ஓடினோம் என்பதை இங்கே எழுதத் தேவையில்லை, வாசிப்பவர்களில் பாதிப் பேர் அதே பாதையில் வந்தவர்கள். கடைசியில் செட்டிகுளம் மெனிக் பாமில் இராமநாதன் முகாம். அங்கே ஒரு நாள் ஒரு அக்கா வந்து எங்களுக்கு வண்ணப் பென்சில் தந்து படம் கீறச் சொன்னார். நான் கிணறு ஒன்று கீறினேன். எங்கள் வீட்டுக் கிணறு. ஏன் கிணறு கீறினாய், என்ன நடந்தது என்று அவர் கேட்கவில்லை. "தண்ணி நல்லா இருக்குமோ?" என்று மட்டும் கேட்டார். முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்ற காலம் அது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு நல்லது என்று அன்றைக்கு அரை மணித்தியாலம் கதைத்தேன். அதற்கு முன் பல வாரமாக நான் யாரோடும் சரியாகக் கதைக்கவில்லை என்று அம்மா பிறகு சொன்னா. நான் இந்தத் துறைக்கு வந்ததற்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். இங்கே வருகிற பிள்ளைகளில் வன்னிப் பிள்ளைகள் பெரும்பாலும் 2009இல் நாலு, ஐந்து வயதில் இருந்தவர்கள். யாரும் யுத்தத்தைப் பற்றிக் கதைக்க வருவதில்லை. "தலையிடி", "நித்திரை வருதில்லை", "படிச்சது மண்டையில நிக்குதில்லை", "நெஞ்சுக்குள்ள ஏதோ அடைக்குது". இப்படித்தான் தொடங்கும். இரண்டாவது நிமிடமே "அக்கா நீங்க எந்த ஊர்?" என்ற கேள்வி வரும். நான் ஊரைச் சொல்வேன். உடனே முகம் மலரும். "அப்ப உங்களுக்குத் தெரியும்தானே அக்கா" என்பார்கள். நானும் தலையாட்டுவேன். அதோடு கதை நின்றுவிடும்! எனக்குத் தெரியும் என்று அவர்களும் நினைக்கிறார்கள், நானும் நினைக்கிறேன், அறையில் ஒருவரும் ஒன்றும் சொல்லாமல் மணித்தியாலம் போகிறது.

ஒரு தங்கச்சி. அப்பா 2009இல் காணாமல் போனவர். அம்மா இன்றும் பொட்டு வைக்கிறா. அந்தப் பிள்ளை உதவித்தொகைப் படிவம் நிரப்ப இருந்தபோது "தந்தையின் தொழில்" என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது, கை நடுங்கத் தொடங்கியது, படிவத்தைக் கிழித்துவிட்டு வந்திருந்தாள். என் பெரியப்பாவும் அப்படித்தான், இன்றுவரை தகவல் இல்லை. பெரியம்மா பட்டதெல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றது. சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது சரியா என்று இரவு முழுக்க யோசித்தேன்.

மற்றது ஒரு தம்பி, அனுராதபுரம் பக்கத்துச் சிங்களப் பிள்ளை. பரீட்சைப் பயம் என்று வந்தான். மூன்றாவது சந்திப்பில் அவனுடைய அப்பா இராணுவத்தில் இருந்தவர், 2009இல் முல்லைத்தீவுப் பக்கம் காலை இழந்தவர், வீட்டில் குடியும் சத்தமும் என்று சொல்லி அழுதான். என் கை குளிர்ந்து போனது. கேட்டுக்கொண்டிருந்தேன், ஆனால் காது எங்கேயோ போய்விட்டது. என்னுடைய சிங்களம் அவ்வளவு மோசமில்லை, மொழியால் வந்த தடங்கல் என்று என்னால் சாட்டுச் சொல்ல முடியாது. அவனை வேறு ஒருவரிடம் அனுப்ப வேண்டுமா?

என் பின்னணி இந்த அறைக்குள் எவ்வளவு வரலாம்? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.


குளக்கட்டு எழுதியது:

தங்கச்சி, நான் சீர்மிய (உளவளத்துணை) வேலைக்கு வந்தது 2004 சுனாமிக்குப் பிறகு, முல்லைத்தீவுக் கரையில். உளவியல் பட்டம் இல்லை, பயிற்சி நெறிகள்தான். இப்போது வவுனியாவில் இருக்கிறேன். அதனால் புத்தகத்தை விட நான் விட்ட பிழைகளைத்தான் கூடுதலாகச் சொல்ல முடியும்.

முதலில் அந்த "தெரியும்தானே". அந்தச் சொல் வந்தவுடன் தலையாட்டாதீர்கள். "ஊர் தெரியும், உங்கட வீட்டில நடந்தது எனக்குத் தெரியாது, சொல்லுங்கோ" என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். ஒரே பதுங்குகுழிக்குள் இருந்த இரண்டு பிள்ளைகளுக்கும் இரண்டு கதை. ஒருத்திக்கு சத்தம்தான் நினைவில் இருக்கும், மற்றவளுக்கு விட்டுவிட்டு வந்த நாய்க்குட்டி. நாங்கள் தலையாட்டினால் அந்த நாய்க்குட்டி வெளியே வராது.

ஊர் பேரைச் சொல்லலாம், அதை மறைத்தால் இந்தப் பக்கத்தில் நம்பிக்கை வராது, எங்கள் சனம் ஊர் கேட்காமல் தண்ணீர்கூடக் குடிக்காது. முகாமில் இருந்தீர்களா என்று நேரே கேட்டால் "ஓம்" என்று சொல்வதிலும் பிழையில்லை. அதற்கு மேலே போக முதல், இது அந்தப் பிள்ளைக்குத் தேவையா, அல்லது எனக்கு நெஞ்சு முட்டி வருகிறதா என்று உங்களையே கேளுங்கள். சுனாமிக்குப் பிறகு பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயிடம், என் தங்கை பிள்ளையும் போனது என்று சொல்லிவிட்டேன். அந்த மனுசி தன் அழுகையை நிப்பாட்டிவிட்டு எழும்பி எனக்குத் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்தா. அன்றைக்கு அவ அழவேயில்லை. அந்தத் தேத்தண்ணியை நான் இன்றும் மறக்கவில்லை.

பெரியம்மாவின் கதையைச் சொல்லாமல் விட்டது சரிதான். அந்தத் தங்கச்சியின் விசயத்தில் இன்னொன்றும் கவனியுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐ.சி.டி. 11இல் நீடித்த துயரக் கோளாறு என்று ஒன்று இருக்கிறதுதானே, அதை எடுத்து இவர்கள் மேல் ஒட்டிவிடப் பார்ப்பார்கள். அது ஆள் இறந்ததன் பிறகு வருவது. இங்கே சாவே நிச்சயமில்லை. போலின் பொஸ் என்ற அமெரிக்க அறிஞர் 1970களில் வியட்நாம் யுத்தத்தில் காணாமல் போன விமானிகளின் குடும்பங்களோடு வேலை செய்துதான் இதற்குத் தெளிவற்ற இழப்பு என்று பெயர் வைத்தார். அவர் சொன்னதில் எனக்குப் பிடித்தது, குழப்பம் ஆளுக்குள் இல்லை, நிலைமைக்குள் இருக்கிறது என்பது. செத்தவீடு இல்லை, எட்டாம் நாள் சடங்கு இல்லை, அந்தியேட்டி இல்லை. கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கி, காணாமல் போனவர்களைக் கேட்டுத் தாய்மார் பந்தல் போட்டு இருந்தார்களே, அதற்குள் எத்தனை பேருக்கு இதே பிள்ளையின் வயதில் பிள்ளைகள். ஆகவே "ஏற்றுக்கொள்" என்று தள்ளாதீர்கள். அப்பா இருக்கிறார் என்றும் இல்லை என்றும் ஒரே நேரத்தில் நினைக்க அவளுக்கு இடம் கொடுங்கள். அம்மாவின் பொட்டைப் பற்றி அவளாகக் கதைத்தால் கேளுங்கள், நீங்களாகத் தொடாதீர்கள். அந்தப் படிவத்தை நிரப்ப ஒரு நாள் கூட இருங்கள், உதவித்தொகை தவறிப் போனால் உளவளத்துணை வைத்து என்ன செய்வது.

உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் வன்னியைப் பற்றி எழுதும்போது கூட்டு மனவடு என்றுதான் எழுதினார். தனி ஆளை மட்டும் பார்த்தால் காணாது, குடும்பம், ஊர், கோயில், சடங்கு எல்லாம் உடைந்திருக்கிறது, ஆற்றுவதும் அவற்றின் ஊடாகத்தான் நடக்க வேண்டும் என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்னது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய்வந்து நல்லாக நித்திரை கொண்டேன் என்று ஒரு பிள்ளை சொன்னால் அதையும் குறிப்பில் எழுதுங்கள்.

சிங்களத் தம்பியை உடனே அனுப்பாதீர்கள். அவன் மூன்று சந்திப்பு எடுத்து உங்களிடம் அதைச் சொல்லியிருக்கிறான். நீங்கள் எந்த ஊர் என்று தெரிந்தும் சொல்லியிருக்கலாம். முதலில் மேற்பார்வையில் உங்கள் கை குளிர்ந்ததைச் சொல்லுங்கள், அவனுடைய கதையை அல்ல. அதன் பிறகும் காது எங்கேயோ போனால், அப்போது அவனிடமே நேர்மையாகச் சொல்லி, நல்ல ஒருவரிடம் கையைப் பிடித்துக் கொண்டுபோய் விடுங்கள்.


மூன்றாம் வருடம் எழுதியது:

அக்கா, நான் உங்கள் பக்கத்து ஆள் இல்லை, கதிரையின் மற்றப் பக்கத்தில் இருந்தவள். ஊர் விசுவமடு. எந்த வளாகம் என்று சொல்லவில்லை.

முதல் வருடம் முழுக்க எனக்குத் தலையிடி. கண் டொக்டரிடம் போனேன், கண்ணாடி தந்தார், தலையிடி போகவில்லை. கடைசியில் கூட்டாளி ஒருத்தி இழுத்துக்கொண்டு உளவளத்துணைக்குப் போனாள். அங்கே இருந்தவ நல்ல மனுசி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் விசுவமடு என்று சொன்னதும் அவ தன்னுடைய இடப்பெயர்வைச் சொல்லத் தொடங்கினா. தருமபுரம், பிறகு தேவிபுரம், பிறகு தாயை எங்கே புதைத்தார்கள் என்பது வரைக்கும். சொல்லி முடிக்க அவவின் கண் கலங்கிவிட்டது. நான் "பரவாயில்லை மிஸ்" என்று சொல்லி மேசையில் இருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்து அவவிடம் கொடுத்தேன். வெளியே வரும்போது தலையிடி இன்னும் கூடியிருந்தது. அதோடு ஒரு எண்ணம் மனதில் விழுந்துவிட்டது: இவ்வளவு பட்ட ஆளிடம் போய் நான் நித்திரை வரவில்லை என்று சொல்வதா? அப்பாவும் அம்மாவும் எனக்கு உயிரோடு இருக்கிறார்கள், வீடு இருக்கிறது, எனக்கு என்ன குறை? ஒரு வருடம் திரும்பிப் போகவில்லை அக்கா.

இரண்டாவதாகப் போனது வேறு ஒருவரிடம். ஊர் கேட்டார், சொன்னேன், "ம்" என்றார். பிறகு எத்தனை மணிக்குப் படுப்பது, எத்தனை மணிக்கு முழிப்பு வருவது, முழித்தவுடன் முதல் என்ன நினைவு வருவது, போர்டிங்கில் யார் யார், இரவுச் சாப்பாடு என்ன என்று கேட்டார். இரவுச் சாப்பாடு பிஸ்கட் என்று சொன்னபோதுதான் எனக்கே அழுகை வந்தது, ஏனென்று இன்றும் விளங்கவில்லை. அவர் கடுதாசிப் பெட்டியைத் தள்ளிவிட்டு பேசாமல் இருந்தார். அந்தப் பேசாமல் இருந்தது எனக்குப் பெரிய உதவி.

மூன்று மாதம் போனேன். யுத்தத்தைப் பற்றி அங்கே கதைத்தது எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம் இருக்கும். மிச்சம் எல்லாம் நான் பெயிலாகிவிட்டால் அப்பாவின் கடன் என்னாகும் என்பதுதான். நுண்கடன் எடுத்துத்தான் என்னை அனுப்பினார். எங்களைப் பார்த்தவுடன் எல்லோரும் முள்ளிவாய்க்காலைத் தேடுகிறார்கள் அக்கா, எங்களுக்கு அடுத்த மாத போர்டிங் காசும் இருக்கிறது.

இன்னொன்று. உங்கள் அறைக்கு வெளியே வாங்கு எங்கே போட்டிருக்கிறது? எங்களிடம் மாணவர் விவகாரக் கிளைக்கு நேரெதிரே. யார் போனாலும் முழு பட்ச்சுக்கும் தெரியும், "விசர் டொக்டரிட்டயோ போறாய்" என்று கேட்பார்கள். வாங்கைத் திருப்பிப் போட்டாலே இன்னும் நாலு பேர் வருவார்கள்.


ஒரு வாசகர் எழுதியது:

குறிப்புகளை யார் வாசிக்கலாம் என்று பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்கிறீர்களா? பீடாதிபதி கேட்டால் கொடுப்பீர்களா? என் மகன் இந்த ஒரு பயத்தால்தான் போகவில்லை.


மல்லாவி ரீச்சர் எழுதியது:

பிள்ளை, நான் பாடசாலையில் வழிகாட்டல் ஆலோசனைக்குப் பொறுப்பாக இருந்து ஓய்வு பெற்றவள். உங்களிடம் வருகிற பிள்ளைகள் அதற்கு முன் எங்களிடம் இருந்தவர்கள், அதனால் எழுதுகிறேன்.

குளக்கட்டுத் தம்பி சொன்னதோடு எனக்கு ஒரு சின்ன மாறுபாடு. உங்கள் கதையில் ஒன்றைச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும்: நீங்கள் இங்கே படித்து இந்த நிலைக்கு வந்தவள் என்பது. முகாமில் கூடாரத்துக்குள் படித்த பிள்ளை உளவியல் படிக்கிறது என்று எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். அதை அறைக்குள் வைத்துச் சொல்லத் தேவையில்லை, புதுமுக மாணவர்களுக்கு அறிமுகம் நடக்கும் அன்று மேடையில் நின்று இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள். அறைக்குள் வரும்போது அது ஏற்கெனவே தெரிந்த விசயமாக இருக்கும், "எந்த ஊர்" என்ற கேள்வியிலேயே நேரம் போகாது.

மற்றது, உயிராபத்து. இதை நேரே கேளுங்கள். "சாக வேணும் போல இருக்கா?" என்று கேட்டால் எண்ணத்தை நாங்களே விதைத்துவிடுவோம் என்று பழைய ஆட்கள் பயப்படுவார்கள், அது பிழை, கேட்டால் பிள்ளைக்குப் பாரம் குறையும். எங்கள் பக்கம் எல்லாம் வயல் வீடுகள். விடுமுறைக்கு வீட்டுக்குப் போகிற பிள்ளை ஆபத்தான நிலையில் இருந்தால், பிள்ளையின் சம்மதத்தோடு வீட்டாரைக் கூப்பிட்டு, வயலுக்கு அடிக்கிற மருந்தை வீட்டில் வைக்காமல் பூட்டி வேறு இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். சம்மதம் தராவிட்டாலும் உயிர் போகும் என்றால் சொல்லத்தான் வேண்டும், அதைத்தான் முதல் நாளே பிள்ளைக்குச் சொல்லி வைக்க வேண்டும். நாட்டில் தற்கொலைகள் 1990களின் நடுப்பகுதிக்குப் பிறகு குறைந்ததற்கு மிகவும் நஞ்சான பூச்சிமருந்துகளைத் தடை செய்தது ஒரு பெரிய காரணம். எட்டக்கூடிய இடத்தில் இல்லாவிட்டால் அந்த ஒரு இரவு கடந்துவிடும், பிள்ளை காலையில் எழும்பும்.

வீட்டார் பொலிஸ் கேஸ் வரும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் விடுவதையும் பார்த்திருக்கிறேன். தற்கொலைக்கு முயல்வது 1998இலிருந்து இந்த நாட்டில் குற்றமே இல்லை, இதை ஒவ்வொரு தாய் தகப்பனுக்கும் சொல்லுங்கள். இரவில் நீங்கள் இல்லாத நேரத்துக்கு 1926 இலக்கத்தைக் கதவில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள், தேசிய உளநல நிறுவகத்தின் இலக்கம்.

பகிடிவதையை மறந்துவிடாதீர்கள். தலையிடி என்று வருகிற முதல் வருடப் பிள்ளையிடம் யுத்தத்தைத் தேடிக்கொண்டிருக்க, போன கிழமை விடுதியில் நடந்தது வெளியே வராமல் போகும். பகிடிவதையைத் தடை செய்ய 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஆனால் விரிவுரையாளர்களே மாணவ ஆலோசகர்களாகவும் இருப்பதால், நாளைக்கு விடைத்தாள் திருத்தப் போகிறவரிடம் போய்ச் சொல்லப் பிள்ளைகள் தயங்கும். நீங்கள் புள்ளி போடாத ஆள். அதைச் சொல்லுங்கள்.


பாலைநிழல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக இதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

தங்கச்சி, நீங்கள் கொடுத்த தண்ணீர்ப் போத்தலும் அண்ணா குடித்த தேத்தண்ணியும் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். நானும் அந்தப் போத்தலை வாங்கிக் குடிக்க எவ்வளவு கிட்டப் போயிருக்கிறேன் என்று விளங்கியது. உங்கள் இரவுச் சாப்பாடு இப்போது என்ன என்று கேட்க ஆசை, பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

குறிப்புகளைப் பற்றிக் கேட்டவருக்கு: அந்தப் பிள்ளையை நான் எப்படிப் பார்க்கிறேன் என்று என் மேற்பார்வையாளரோடு கதைப்பேன், நான் பயிலுநர் என்பதையும் சேர்த்து முதல் நாளே சொல்லிவிடுகிறேன். பீடாதிபதி கேட்டால் வந்தாரா இல்லையா என்பதைக்கூட மாணவரின் சம்மதம் இல்லாமல் சொல்ல மாட்டேன். உயிராபத்து, சிறுவர் துஷ்பிரயோகம், நீதிமன்றக் கட்டளை, இந்த மூன்றும்தான் விதிவிலக்கு. மகனிடம் அப்படியே சொல்லுங்கள், போகிற இடத்தில் இந்தக் கேள்வியை அவர் முதலாவதாகக் கேட்கலாம் என்றும் சொல்லுங்கள்.

ரீச்சர், அறிமுக நாளில் சொல்லும் யோசனை எனக்குத் தோன்றவேயில்லை. மேற்பார்வையாளரிடம் கேட்டுவிட்டு அடுத்த பட்ச் வரும்போது செய்யப் பார்க்கிறேன்.

நேற்று மேற்பார்வையில் கை குளிர்ந்ததைச் சொன்னேன். அழுதுவிட்டேன். மேற்பார்வையாளர் நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்தத் தம்பியின் அப்பாவுக்கு என்ன வயது இருக்கும் என்று கேட்டார். கணக்குப் பார்த்தேன், என் அப்பாவின் வயதுதான். புதன்கிழமை பத்து மணிக்கு அவனுக்கு நேரம் கொடுத்திருக்கிறேன், வரச் சொல்லியிருக்கிறேன். அதற்கு முன் வாங்கை நூலகப் பக்கமாகத் திருப்பிப் போட ஆள் கேட்டிருக்கிறேன்.